எந்த வரிசை, டீச்சர்?

நவம்பர் 4, திங்கள்

இன்று முதல் எனக்கு இரண்டு நோட்டு. நீல அட்டை போட்டது சிஸ்டர் எமரென்சியாவுக்கு. அதில் 'நிகழ்ச்சி முன்னேற்ற அறிக்கை' எழுதி வாராவாரம் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இன்னொன்று போன வருடத்துப் பாடக்குறிப்பு நோட்டு, பின்பக்கமெல்லாம் காலி. இதில் நடந்ததை எழுதப்போகிறேன்.

நடந்தது இதுதான். மறைமாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை. எல்லாப் பள்ளிகளும் 'சமய, பண்பாட்டுப் பன்மையைக் கொண்டாட' வேண்டுமாம். கொண்டாடியதற்குப் பன்னிரண்டு புகைப்படம் அனுப்ப வேண்டுமாம். எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர் எமரென்சியா அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, நேராக என்னைப் பார்த்தார்.

"பிரகாசி டீச்சர், நீங்கதான் இதுக்குச் சரியான ஆளு."

நான் போன வாரம் ஜெப நேரத்தில் கொட்டாவி விட்டதற்குத் தண்டனை என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பொத்தையூர் புனித ரீத்தம்மாள் தொடக்கப்பள்ளியில் இருபத்து நான்கு வருடமாக ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். ஆகவே ஆகாத காரியங்களுக்குப் பாதுகாவலி ரீத்தம்மாள் என்பார்கள். இந்தப் பள்ளிக்கு அந்தப் பெயரை வைத்தவர் தீர்க்கதரிசி. நூற்று எண்பத்தேழு பிள்ளைகள். அதில் பாதிக்குமேல் இந்துக்கள், மீதியில் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஏறக்குறையச் சமம். எல்லாரும் காலையில் "அருள் நிறைந்த மரியே" சொல்லி, மத்தியானம் ஒரே சாம்பாரைத் திட்டி, சாயங்காலம் ஒரே வாசலில் அடித்துக்கொள்கிறார்கள். இதைவிட என்ன நல்லிணக்கம் வேண்டுமோ.

நவம்பர் 5, செவ்வாய்

விழாவுக்கு நாள் குறிக்கக் கூட்டம். வெள்ளிக்கிழமை என்றார் சிஸ்டர். ஜும்மா தொழுகை இருக்கிறது, வாப்பாமார் யாரும் வரமாட்டார்கள் என்றேன். சனிக்கிழமை? பெருமாளுக்கு விரதம் இருக்கிற வீட்டில் வெளியே சாப்பிடமாட்டார்கள் என்றாள் ஒன்றாம் வகுப்பு டீச்சர் சண்முகவடிவு. ஞாயிறு பூசை. செவ்வாய் அந்தோனியார் நவநாள். வியாழன் கன்னியர் சபைத் தலைவி மதர் ஜெனரல் வருகை, அது எந்தச் சாமியையும்விடப் பெரிது. திங்கட்கிழமை சிஸ்டருக்கே பிடிக்காது.

கடைசியில் எந்தச் சாமியும் உரிமை கொண்டாடாத புதன்கிழமை கிடைத்தது. நவம்பர் 27. மாலையில் சகாய மாதா நவநாள் உண்டு, ஆனால் காலையில் மாதாவுக்கு ஆட்சேபணை இருக்காது என்று சிஸ்டர் மாதாவின் சார்பில் முடிவு செய்தார்.

நவம்பர் 7, வியாழன்

சிஸ்டரின் திட்டம்: ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மேடைக்கு முன்னால் மூன்று வரிசையாக நிற்க வேண்டும். கிறிஸ்தவப் பிள்ளைகள் வெள்ளை, முஸ்லிம் பிள்ளைகள் பச்சை, இந்துப் பிள்ளைகள் மஞ்சள். வரிசைக்கு ஒரு பாட்டு. பாட்டு முடிந்ததும் வரிசைக்கு ஒரு பலகாரம்.

"எல்லாரும் ஒண்ணுன்னு காட்டத்தான சிஸ்டர் விழா? எதுக்கு மூணாப் பிரிக்கணும்?"

"பிரிச்சாத்தான் டீச்சர் சேத்துவைக்க முடியும்."

இறையியல் படித்தவர்களோடு வாதம் செய்யக் கூடாது.

சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து மதவாரியாகப் பட்டியல் எழுதினேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள் மளமளவென்று முடிந்தது. நாற்பத்து மூன்றாவது பெயர் க. நஸ்ரின். தந்தை முகம்மது கனி, ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர். தாய் அமலி. மதம் என்ற கட்டம் காலி. பக்கத்தில் பென்சிலில் 'பெற்றோரிடம் கேட்கவும்'. ஜூன் மாதம் எழுதியது, ஒருவரும் கேட்கவில்லை.

அமலி என் தங்கை. எழுதிவிட்டேன். இனி அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

நவம்பர் 8, வெள்ளி

பட்டியலை நாற்பத்திரண்டோடு முடித்து சண்முகவடிவிடம் கொடுத்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

பூசையில் பங்குசாமி முக்கால் மணி நேரப் பிரசங்கம். அன்பு பற்றி. பின்வரிசையில் அப்பா தூங்கினார். முப்பது வருடம் இந்தக் கோவில் உபதேசியாராக ஜெபம் சொல்லிக்கொடுத்து மற்றவர்களை எழுப்பி வைத்தவர், இப்போது ஓய்வூதியம் போலத் தூக்கத்தை வாங்கிக்கொள்கிறார்.

சாயங்காலம் நாலு மணிக்கு வழக்கம்போல வெள்ளை வேட்டி கட்டி, பவுடர் போட்டு "மரியாயின் சேனை ஜெபக் கூட்டத்துக்குப் போறேன்" என்று கிளம்பினார். எழுபத்தாறு வயதில் இவ்வளவு பக்தி. ஆறு மணிக்கு ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார். இரவுச் சாப்பாடு வேண்டாமாம். மரியாயின் சேனையில் அப்படி என்னதான் கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை.

எழுதமாட்டேன் என்றேன். இரண்டு வரி மட்டும். எட்டு வருடத்துக்கு முன்னால் ரீத்தம்மாள் திருவிழாவில் அமலி பாடகர் குழுவில் முதல் குரல். கனி மைக் செட்டுக்காரன். பத்து நாள் திருவிழாவில் பத்து நாளும் அவள் மைக்கில் மட்டும் கோளாறு. அவனும் பத்து நாளும் ஏறி வந்து சரி செய்தான். ஊரில் எல்லாரும் கொடியேற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம், யாரும் மைக்கைப் பார்க்கவில்லை. ஆறாவது மாதம் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம்.

அப்பாவால் தாங்க முடியவில்லை. அவருக்காகத்தான் நான் பேசுவதில்லை. எனக்கு ஒன்றும் இல்லை.

இரண்டு வரிக்கு மேல் போய்விட்டது.

நவம்பர் 12, செவ்வாய்

பலகாரத் தூது. காலையில் ஜமாஅத் தலைவரைப் போய்ப் பார்த்தேன். சிஸ்டர் நோன்புக் கஞ்சி கேட்டிருந்தார்.

ஹாஜியார் தாடியைத் தடவினார். "டீச்சரம்மா, நோன்புக் கஞ்சின்னா நோன்பு இருக்கணும்லா. கார்த்திகை மாசத்துல யாரு நோன்பு வைக்கா?"

"ஃபோட்டோ எடுக்கணுமாம் ஹாஜியாரே."

"ஃபோட்டோவுல கஞ்சிய விட நெய்ச்சோறு நல்லா விழும். அண்டா நான் அனுப்புதேன்."

நல்ல மனிதர். மதத்தலைவர்கள் எல்லாரும் சமையல் பற்றி மட்டும் பேசினால் உலகம் உருப்பட்டுவிடும்.

சர்க்கரைப் பொங்கல் சண்முகவடிவின் பொறுப்பு. கிழக்குப் பார்த்து அடுப்பு வைக்க வேண்டும் என்றாள். பள்ளியில் கிழக்கே மாதா கெபி, கல் குகைக்குள் மாதா சிலை. மாதா முகத்தில் புகை அடிக்கும் என்றார் சிஸ்டர். "மாதாவும் பொம்பளதான சிஸ்டர், அடுப்புப் புகையப் பாக்காத பொம்பள உண்டா?" என்று கேட்டாள் சண்முகவடிவு. அடுப்புக்குக் கிழக்கு கிடைத்தது. கேக் மட்டும் பிரச்சனை இல்லாமல் பேக்கரியில் சொல்லியாயிற்று. நீல நோட்டில் எழுதியது: 'பேச்சுவார்த்தைகள் சுமுகமாக நடைபெறுகின்றன.'

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். மிட்டாய் கொடுத்து முடித்ததும் ஒத்திகை. வெள்ளை, பச்சை, மஞ்சள் என்று சுண்ணாம்பில் கோடு போட்டு நிற்க வைத்தோம். எல்லாரும் நின்ற பிறகு நடுவில் ஒன்று மிச்சம் நின்றது. இரண்டு பல் இல்லை. ஒரு சடை அவிழ்ந்திருந்தது. பாவாடை பெல்ட்டை இடுப்புக்கு மேலே மார்பில் மாட்டியிருந்தது.

"நான் எந்த வரிசை, டீச்சர்?"

ஐந்து மாதமாக அந்தப் பிள்ளை என்னிடம் பேசிய முதல் வார்த்தை. ஒன்றாம் வகுப்புப் பக்கம் நான் அதிகம் போவதில்லை. படிக்கட்டு ஏறினால் மூட்டு வலிக்கிறது.

"நீ திரை இழு. கயிறு பிடிக்க ஒரு ஆளு வேணும்."

"அது பெரிய வேலையா?"

"ரொம்பப் பெரிய வேலை. நீ இழுக்கலன்னா விழாவே கெடையாது."

அது சந்தோஷமாகப் போய்க் கயிற்றைப் பிடித்தது. சண்முகவடிவு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதத் தேவையில்லை.

நவம்பர் 18, திங்கள்

மழை. மைக் செட் யாருக்குச் சொல்வது என்று சிஸ்டர் கேட்டார். பொத்தையூரில் இருப்பது ஒரே ஒரு மைக் செட். அம்மன் கோவில் கொடைக்கும் ரீத்தம்மாள் திருவிழாவுக்கும் மீலாது விழாவுக்கும் 'கனி சவுண்ட் சர்வீஸ்'தான். இந்த ஊரில் மூன்று சாமியும் ஒரே குழாய் வழியாகத்தான் பேசுகின்றன.

"நீங்க ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிருங்க டீச்சர். உங்களுக்கு..." என்று தொடங்கிய சிஸ்டர், அந்த வாக்கியத்தை அங்கேயே அடக்கம் செய்தார்.

சண்முகவடிவைப் பேச வைத்தேன். பேசி முடித்துவிட்டு, செல்ஃபோனைப் பைக்குள் போட்டபடி சாதாரணமாகச் சொன்னாள்: "ஒங்க அப்பா நேத்தே சொல்லிட்டாவளாம். கனி அண்ணன் எல்லாம் ரெடியா வச்சிருக்காரு."

"எங்க அப்பாவுக்கும் அவனுக்கும் என்ன?"

அவள் முகம் போன போக்கைப் பார்த்தால், வகுப்பில் பதில் தாளை முன்கூட்டியே காட்டிவிட்ட பிள்ளை போல இருந்தது. "ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அங்கதான சாப்பிடுதாவ."

மரியாயின் சேனை.

நவம்பர் 19, செவ்வாய்

பள்ளி விட்டு வந்து அப்பாவுக்குக் காப்பி கொடுத்துவிட்டுக் கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். காப்பியை ஆற்றினார்.

"நாலு வருசமாப் போறேன். கண்ணாஸ்பத்திரியில வரிசையில நிக்கும்போது பாத்தேன். பிள்ளையத் தூக்கிட்டு முன்னால நின்னா. 'அப்பா'ன்னா. பெறவு என்ன செய்யச் சொல்லுத?"

"எங்கிட்டச் சொல்லல."

"நீ கேக்கல."

"நாலு வருசம் பொய் சொல்லிருக்கீங்க. அதுவும் மாதா பேரைச் சொல்லி."

"மாதாவுக்குத் தெரியும், நான் எங்க போனேன்னு." ஒரு மடக்குக் குடித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அவ எங்கிட்ட ஒண்ணு கேட்டாட்டி. 'என் மூஞ்சியில முழிக்கமாட்டேன்னு சொன்னீங்களாமே அப்பா, பிள்ளையத் தூக்கிட்டு வந்தன்னைக்கு'ன்னு கேட்டா."

நான் பால் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கழுவிய பாத்திரம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமா, கோவத்துல சொல்லிட்டேன்னு சொன்னேன். மன்னிச்சுக்கோன்னும் சொன்னேன்."

காப்பி டம்ளரை வைத்துவிட்டு, தொலைக்காட்சியைப் போட்டார்.

நவம்பர் 20, புதன்

தலைவலி. விடுப்பு.

நவம்பர் 21, வியாழன்

மழைக்கு இன்று பள்ளி இல்லை. எழுதாமல் இருப்பதற்குச் சாக்கு இல்லாமல் போய்விட்டது.

அப்பா அப்படிச் சொல்லவே இல்லை. அன்று அவர் வீட்டிலேயே இல்லை. பக்கத்து ஊரில் ஒரு துட்டி வீட்டுக்கு, செத்தவருக்கு ஜெபம் சொல்லப் போயிருந்தார். பங்குனி மாதம், மத்தியானம் இரண்டு மணி. கதவைத் தட்டியது. திறந்தால் அமலி. கையில் நாற்பது நாள் பிள்ளை, தலையில் துண்டு போட்டு மூடியிருந்தது. தனியாக வந்திருந்தாள். "அக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"அப்பா உன் மூஞ்சியில முழிக்கமாட்டாராம். போ." கதவைச் சாத்தினேன். பிறகு ஜன்னலுக்குப் போனேன். அவள் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றாள். போனாள். தெருமுக்குத் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊரில் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். வேதத்தை விட்டுக்கொடுக்காத குடும்பம் என்று பங்குசாமி பிரசங்கத்தில்கூட ஜாடையாகச் சொன்னார். நானும் பெருமையாகத் தலையை ஆட்டிக்கொண்டேன். நல்ல சாக்கு அது, தேய்க்காமலே மினுங்கும் பித்தளை.

வேதம் ஒரு மண்ணும் இல்லை. கனி பத்துத் தலைமுறைக் கத்தோலிக்கனாக இருந்திருந்தாலும் அந்தக் கதவைச் சாத்தியிருப்பேன். அம்மா செத்தபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. தலை பின்னி, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்து, முதல் தடவை வயிறு வலித்தபோது விளக்கம் சொல்லி, பி.ஏ. வரை படிக்க வைத்தேன். இரண்டு வரன் வந்தது, 'தங்கச்சி படிப்பு முடியட்டும்' என்று திருப்பி அனுப்பினேன். அவள் கேட்டு நான் அதைச் செய்யவில்லை, அது உண்மை. ஆனால் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிற அன்று காலையிலும் என் கையால் தோசை வாங்கிச் சாப்பிட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று தோசை. எனக்கு ஆறாதது அதுதான்.

நிறுத்துகிறேன்.

நவம்பர் 25, திங்கள்

ஒத்திகை. மஞ்சள் வரிசை கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடியது, மூன்று பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் யார் எதை ஆரம்பித்தாலும் மொத்தமும் சேர்ந்துகொள்கிறது. சிஸ்டர் தலையில் கை வைத்தார். பச்சை வரிசைப் பையன் ஒருவன் வெள்ளை வரிசைக்குக் கட்டிய சம்மனசு இறக்கை, தேவதூதர் இறக்கை, தனக்கும் வேண்டும் என்று தரையில் புரண்டான். அவன் கேட்டதில் தப்பு என்ன?

கயிறு பிடிக்கும் பிள்ளை நன்றாக இழுக்கிறது. இரண்டு கையிலும் எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொள்கிறது. அமலி கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது செய்வது.

நவம்பர் 27, புதன்

வரிசையாக எழுத வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

மழை இல்லை. பத்து மணிக்கே பெற்றோர் வந்து நிறைந்துவிட்டார்கள். முன்வரிசையில் ஹாஜியார், பங்குசாமி, அம்மன் கோவில் தர்மகர்த்தா மூன்று பேரும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரே மாதிரி நெளிந்துகொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் அமலி. உடம்பு கொஞ்சம் பூசியிருக்கிறது. நீலச் சேலை. நான் பார்க்கவில்லை. மேடை ஓரத்தில் கனி மைக் செட்டோடு உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் எங்கள் அப்பா, ஏதோ அவர்தான் முதலாளி போல.

சிறப்பு விருந்தினர் கல்வி அலுவலகத்துப் பெரிய ஃபாதர். உயரமானவர், குண்டானவர், குரல் மட்டும் மெலிந்தது. பாட்டுகள் முடிந்தன. பிள்ளைகள் கோட்டில் நின்றார்கள். வரிசைக்கு எதிரே ஒரு மேசை: கேக், நெய்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல். முதலில் அவரவர் வரிசைப் பலகாரத்தை அவரவர் சாப்பிட்டு, பிறகு பக்கத்து வரிசைக்கு ஒரு கரண்டி ஊட்டிவிட வேண்டும், அப்போது புகைப்படம் என்று சிஸ்டர் ஏற்பாடு. அதற்குள் பெரிய ஃபாதர் மேடையில் ஏறிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"மதங்கள் என்னும் திரைகளை நாம் விலக்க வேண்டும்" என்றார்.

திரை மூடியது.

மேடையும் காணவில்லை, ஃபாதரும் காணவில்லை. உள்ளேயிருந்து "இந்தத் திரைகளை..." என்று குரல் மட்டும் வந்தது. கூட்டம் சிரித்தது. ஹாஜியார் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். கயிற்றைப் பார்த்தேன். கயிறு ஆடிக்கொண்டிருந்தது. பிடித்திருந்த ஆள் இல்லை.

அந்த ஆள் வெள்ளை வரிசையில் கேக் வாங்கிக்கொண்டிருந்தது. அடுத்த நிமிடம் பச்சை வரிசையில் நெய்ச்சோறு. அப்புறம் சர்க்கரைப் பொங்கல். அரைப்பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாகச் சீருடையில் இருந்ததால் யாரும் தடுக்கவில்லை. வரிசை என்ற ஒன்று அதற்குத்தான் கிடையாதே. மற்ற நாற்பத்திரண்டும் இதைப் பார்த்தன. ஆறு வயதுக்கு அதற்குமேல் போதனை தேவையில்லை. ஒரே ஓட்டம். இறக்கை கட்டிய சம்மனசு நெய்ச்சோற்று அண்டாவில் தலையை விட்டது. பச்சைத் தொப்பி சர்க்கரைப் பொங்கலில் விழுந்தது. மஞ்சள் பாவாடைகள் கேக்கை முடித்துவிட்டன. புகைப்படக்காரர் மட்டும் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார்.

பெரிய ஃபாதர் திரையை ஒதுக்கிக்கொண்டு கையில் மைக்கோடு இறங்கி வந்தார். கோபமில்லை, சிரித்துக்கொண்டுதான் வந்தார். ரகளையின் தலைவி யார் என்று கண்டுபிடித்து, அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"பாப்பா, நீ எந்த வரிசை?"

"நான் வரிசை இல்ல. கயிறு."

மைக் நன்றாக வேலை செய்தது. தெருவில் இருந்தவர்களும் கேட்டார்கள்.

"ஏன் உன்ன வரிசையில விடல? நீ எந்த மதம்?"

நெய்ச்சோற்றை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னது: "எனக்குத் தெரியாது. எங்க பெரியம்மாட்டக் கேளுங்க. அவங்கதான் லிஸ்ட்டு எழுதுனாங்க."

"பெரியம்மா யாரு?"

பிசுபிசுப்பான விரல் ஒன்று என்னை நோக்கி நீண்டது. "அவங்க. ஸ்கூல்ல டீச்சர்னுதான் கூப்பிடணும்னு அம்மா சொல்லிருக்கா. நான் மறந்துட்டேன்."

ஐந்து மாதமாக அந்தப் பிள்ளைக்குத் தெரியும். மாடிப்படியில், சாப்பாட்டு வரிசையில், ஜெபத்தில், எல்லா இடத்திலும் தெரிந்தே என்னைக் கடந்து போயிருக்கிறது. வாயைத் திறக்கவில்லை. ஆறு வயது.

கனி நினைத்திருந்தால் மைக்கை அணைத்திருக்கலாம். சத்தத்தைக் கூட்டினான் என்று சண்முகவடிவு சத்தியம் செய்கிறாள்.

பெரிய ஃபாதர் விஷயம் புரியாமல் மைக்கை என்னிடம் நீட்டினார். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி நீலச் சேலை. இருபத்து நான்கு வருடம் பேசியே சம்பளம் வாங்கியவள், மைக்கை இரண்டு கையாலும் வாங்கினேன்.

"என் தங்கச்சி பிள்ளை, ஃபாதர்" என்றேன். குழாய் வழியாக என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "எந்த வரிசையிலயும் போடாம விட்டது நான்தான். பிள்ளை மேல தப்பு இல்ல."

ஹாஜியார்தான் முதலில் எழுந்தார். "நெய்ச்சோறு ஆறுது, எல்லாரும் வாங்க" என்றார். அதோடு விழா முடிந்தது, சாப்பாடு தொடங்கியது.

பிள்ளையைக் கூட்டிப்போக அமலி வந்தாள். முந்தானையை எச்சில்படுத்தி அதன் வாயைத் துடைத்தாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"மைக்குல சொல்லிட்ட. வீட்டுல வந்து சொல்லு."

நவம்பர் 28, வியாழன்

பெரிய ஃபாதருக்கு விழா மிகவும் பிடித்துவிட்டதாம். 'வரிசைகள் உடையும் காட்சி' முன்கூட்டியே பயிற்சி கொடுத்துச் செய்தது என்று நினைத்துவிட்டார். எல்லாப் பள்ளிகளுக்கும் இதை முன்மாதிரியாக அனுப்பப்போகிறாராம். சிஸ்டர் எமரென்சியா அடக்கத்தோடு தலை குனிந்து, "ரொம்ப நாள் ஒத்திகை பாத்தோம் ஃபாதர்" என்றாராம். நீல நோட்டில் நானும் அப்படியே எழுதிவிட்டேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு. நாலு மணிக்கு அப்பா பவுடர் போட்டார். நானும் சேலை மாற்றினேன். அவர் குடையை என்னிடம் கொடுத்தார். பதினைந்து நிமிட நடைதான். அது இன்னும் தூரமாக இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கனி வாசலில் பெட்டி ஒன்றைப் பிரித்து வைத்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான். "வாங்க மதினி" என்றான். பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல் "மழ வரும் போலயே" என்றான். "ஆமா" என்றேன். எட்டு வருட மௌனத்துக்குப் பிறகு நல்ல உரையாடல்.

அமலி அடுப்படியில் இருந்தாள். அப்பா தன் வீடு போலப் போய்ச் சாப்பிடத் தரையில் உட்கார்ந்தார். உட்காரும் இடத்தில் அவருக்கென்று ஒரு தலையணைகூட இருக்கிறது. நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"அன்னைக்கு அப்பா ஒண்ணும் சொல்லல. அவரு ஊர்லயே இல்ல. நானாத்தான் சொன்னேன்."

அமலி கரண்டியை வைத்தாள். முதலில் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்கதான் சொன்னேன்னீங்க. எங்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்க. நானும் பெரிய மனசு பண்ணி மன்னிச்சேன்!"

அப்பா வடையைப் பிட்டார். "உபதேசியார் வேல அதான்ட்டி. அடுத்தவங்க பாவத்தயும் சேத்துச் சொமக்கணும்."

"நாலு வருசமா பொய்யா?"

"ஞாயித்துக்கெழம மட்டும்தான்."

கனி வாசலில் சிரிப்பை இருமலாக மாற்றினான். அமலி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். கண் ஓரம் சிவந்திருந்தது. "வெயில்ல நின்னேன். தெரியுமா ஒனக்கு?"

"ஜன்னல்ல நின்னு பாத்தேன்."

"பாத்தியா?"

"தெருமுக்குத் திரும்புற வரைக்கும்."

கையில் மாவோடு வந்து என் முதுகில் ஒரு அடி அடித்தாள். விளையாட்டு அடி இல்லை. கிணற்றில் தண்ணீர் இறைத்து உரமேறிய கை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அடி வலித்ததால்தான் என்று வைத்துக்கொள்வோம். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போனியே, மூணு தோசையத் தின்னுட்டு" என்றேன். எட்டு வருடமாக வைத்திருந்த வாக்கியம், சொன்ன பிறகு ரொம்பச் சின்னதாக இருந்தது.

"சொல்லிருந்தா விட்டிருப்பியா?"

யோசித்தேன். "மாட்டேன்."

"அதான்" என்றாள். திரும்பிப் போய் அடுத்த வடையைத் தட்டி எண்ணெயில் போட்டாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. நஸ்ரின்தான் பேசினாள், நிறுத்தாமல். வீட்டில் பெரியம்மா, பள்ளியில் டீச்சர், கடைத்தெருவில் பார்த்தால் என்ன கூப்பிட வேண்டும் என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். விழுந்த பல்லைத் தீப்பெட்டியில் வைத்திருந்தாள், அதைக் காட்டினாள். கால் மடக்கி உட்கார மூட்டு வலிக்கவில்லை.

கிளம்பும்போது அமலி 'இன்னொரு நாள் வா' என்று சொல்லவில்லை. வாசல் வரைக்கும் வரவும் இல்லை. அடுப்படியிலிருந்து கையை நீட்டி ஒரு எவர்சில்வர் டப்பாவை என் வயிற்றில் இடிப்பது போலக் கொடுத்தாள். உள்ளே வடை, சூடு ஆறவில்லை.

"டப்பாவத் திருப்பித் தரணும். எங்கிட்ட இது ஒண்ணுதான் மூடி சரியா இருக்கு."

வடை எல்லாம் தீர்ந்துவிட்டது, அப்பா நாலு, நான் ஐந்து. டப்பாவைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க முடியாது. எனக்குத் தோசையைத் தவிர ஒன்றும் உருப்படியாக வராது, அதைக் கொண்டுபோகிற தைரியம் இன்னும் வரவில்லை. நாளைக்குச் சண்முகவடிவிடம் அதிரசத்துக்குப் பாகு பதம் கேட்க வேண்டும்.